சித்திரமும் பேச்சுரிமையும்

அணியிலக்கணம் கற்ற மாணாக்கர் வஞ்சப்புகழ்ச்சியை நன்கு அறிவர். புகழ்வது போலப் பழிப்பது அதன் இயல்பு. அதியமானின் தூதராய்த் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் பெருமிதத்துடன் காட்டிய படைக்கலக் கொட்டிலைக் கண்டார். நெய்பூசி மாலைசூட்டி அங்கே அழகுற வைக்கப்பட்டிருந்த கருவிகளைப் புகழ்வார்போல உரைத்து, அதியமானுடைய வேல்களோ போரில் முனைமழுங்கிக் கொல்லன் களத்திற் கிடக்கின்றனவே என இரங்குவார்போற் கூறிய செய்தியைப் புறநானூறு நமக்குத் தருகின்றது. அச்சொல்லின் குத்தல் தொண்டைமானுக்கு விளங்காமலிராது. எனினும், அதற்காக ஔவையார் ஒறுக்கப்பட்டாரென்னும் செய்தி யாண்டும் இல்லை. கசக்கும் சொல்லையும் செவிமடுத்துப் பொறுப்பதே வேந்தர்க்குரிய பண்பென்று வள்ளுவரும் வகுத்தார்.

அதே குத்தலைச் சொல்லாற் கூறாது, கோட்டினால் வரைந்து, ஓராயிரம் படிகள் அச்சிட்டு, நகரத்துக் கடைத்தெருவிலே தொங்கவிட்டால் வேந்தர் பொறுப்பரோ? 1830 ஆம் ஆண்டுக்கும் 1835 ஆம் ஆண்டுக்கும் இடையிலே பிரான்சு தேசம் இவ்வினாவுக்கு விடைகூற நேர்ந்தது. அவ்வைந்தாண்டுகளில் ஒனோரே டோமியே என்னும் ஓவியரும் அவருடைய பத்திராதிபர் சார்ள் பிலிப்போனும் வெளியிட்ட சித்திரங்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, பேச்சுரிமையின் அருமையை ஓவியம் எங்ஙனம் புலப்படுத்த வல்லது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அவர்கள் கையாண்ட கருவியை அறிதல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே பவேரியா நாட்டில் அலோயிஸ் செனபெல்டர் என்பவர் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தார். மழமழப்பாகத் தேய்க்கப்பட்ட சுண்ணாம்புக் கல்லின்மீது கொழுப்புக் கலந்த கரிக்கோலினாற் சித்திரம் வரைவர். பின்னர்க் கல்லை நீரால் நனைத்து அதன்மீது மையை உருட்டுவர். நனைந்த இடம் மையை ஏற்காது. கொழுப்புப் படிந்த கோடோ மையைப் பற்றிக்கொள்ளும். அக்கல்லின்மேற் கடுதாசியை வைத்து அழுத்தினால் ஓவியர் கையாற் போட்ட கோடு அவ்வண்ணமே பதியும். செப்புத் தகட்டிற் செதுக்கும் பழைய முறைக்கு நாட்கணக்கில் உழைப்பு வேண்டும். கல்லச்சிலோ இன்று நிகழ்ந்ததை நாளையே படமாக்கி விற்கலாம். எழுத்தறியாத கூலியாளும் கடைவாயிலில் நின்று அதனைக் காணலாம். ஆளுவோரின் அச்சத்துக்குக் காரணம் இதுவே.

இனி அக்காலத்து அரசியலை நோக்குவோம். பத்தாம் சார்ள் என்னும் அரசர் 1830 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே பத்திரிகைச் சுதந்திரத்தை நிறுத்திவைக்கும் கட்டளைகளைப் பிறப்பித்தார். பாரிஸ் மக்கள் திரண்டெழுந்தனர். அச்சகத் தொழிலாளரும் அவர்களோடு வீதியில் நின்றனர். மூன்றே நாட்களில் அரசர் முடியிழந்தார். அவரிடத்துக்கு வந்தவர் லூயி பிலிப். கையிற் குடையுடன் வீதியில் உலாவிய அவரைக் குடிமக்களின் அரசர் என்றனர். புதிய அரசியற் சாசனத்தின் ஏழாம் உறுப்பு, பிரான்சு மக்கள் தங் கருத்துக்களை அச்சிட்டு வெளியிடும் உரிமை உடையரென்றும், தணிக்கை என்றுமே மீண்டும் ஏற்படுத்தப்படாது என்றும் உறுதி கூறியது. அவ்வுறுதியை நம்பியே அவ்வாண்டு நவம்பர் 4 ஆந் திகதி பிலிப்போன் ‘லா கரிக்காத்தூர்’ என்னும் வாரச் சஞ்சிகையைத் தொடங்கினார்.

ஓராண்டு கழிந்த சில நாட்களிலேயே அவர் நீதிமன்றில் நின்றார். யூலை மாதத்து வாக்குறுதிகளைச் சுவரிலிருந்து மறைத்துச் சாந்து பூசும் கொத்தனாக அரசரைக் காட்டிய ஒரு சித்திரமே குற்றமாயிற்று. 1831 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆந் திகதி நடந்த விசாரணையிலே பிலிப்போன் புதுமையான எதிர்வாதம் ஒன்றை நிகழ்த்தினார். கடுதாசியில் நான்கு உருவங்களை வரிசையாக வரைந்தார். முதலாவது அரசரின் முகம். இரண்டாவதில் கன்னங்கள் சற்றே தொங்கின. மூன்றாவதில் முகம் பாதி பழமாயிற்று. நான்காவது வெறும் பேரிக்காய். பிரெஞ்சு மொழியிலே அக்காயின் பெயர் ஏமாளியையும் குறிக்கும். ஒப்புமை கண்டு தண்டிப்பதாயின் எந்தப் படத்தில் நிறுத்துவீர், பேரிக்காயை வரைபவனையும் சிறையிலிடுவீரோ என்பதே அவர் வாதத்தின் சாரம்.

இதனை அணியிலக்கணக் கண்கொண்டு நோக்கின் அதன் நுட்பம் விளங்கும். முதற்படம் இயற்கை, இடைப்பட்டவை உவமை, இறுதிப்படம் உருவகம். முகம் பேரிக்காய் போன்றது என்னும் நிலையினின்று முகமே பேரிக்காய் என்னும் நிலைக்கு நான்கே படிகளில் நம்மை இட்டுச்செல்கின்றார். நீதிமன்று அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஆறுமாதச் சிறையும் இரண்டாயிரம் பிராங்கு குற்றப்பணமும் விதித்தது. ஆயினும் பாரிஸ் நகரத்துச் சுவர்களிலெல்லாம் சிறுவர் கரியினாற் பேரிக்காய் வரையலாயினர். 1834 இலே, பிலிப்போனின் நாளேடான ‘லெ சரிவாரி’ தனக்கெதிரான தீர்ப்பைத் தன் பக்கத்திலேயே வெளியிட நேர்ந்தபோது, தீர்ப்பின் எழுத்துக்களையே பேரிக்காய் வடிவில் அடுக்கி அச்சிட்டது. தீர்ப்பில் ஓரெழுத்தும் மாறவில்லை. அதன் பொருளோ முற்றிலும் மாறிவிட்டது. சொல்லைக் கட்டளையிடும் சட்டத்தால் வடிவைக் கட்டளையிட இயலவில்லை.

அடுத்து டோமியேயின் சித்திரங்களுக்கு வருவோம். மார்செய் நகரில் 1808 இற் பிறந்த இவர் கண்ணாடி பொருத்தும் ஏழைத் தொழிலாளி ஒருவரின் மைந்தர். 1831 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் இவர் வரைந்த படத்தின் பெயர் ‘கர்கந்துவா’. இரபெலே என்னும் பழைய பிரெஞ்சு ஆசிரியரின் கதையில் வரும் பெருந்தீனி அரக்கனின் பெயர் அது. படத்திலே பேரிக்காய்த் தலையுடைய பூதம்போன்ற அரசர் வீற்றிருக்கின்றார். அவர் வாயினின்று நிலம்வரை பெரும்பலகை ஒன்று சாய்ந்து கிடக்கின்றது. ஏழைகளிடம் திரட்டிய நாணயங்களைக் கூடைகூடையாகச் சுமந்துகொண்டு சிறுமனிதர் அதன்மீது ஏறுகின்றனர். அரசர் விழுங்குகின்றார். அவருடைய ஆசனத்தின் அடியிலிருந்து பட்டங்களும் பதவிகளும் சலுகைகளும் கழிந்து விழ, அவற்றைப் பொறுக்க வேறொரு கூட்டம் நிற்கின்றது. இது உயர்வு நவிற்சி. உண்மையை உள்ளபடி கூறாது பெருக்கிக் கூறுவதால், காணாதார்க்கும் காட்டுவது. வரி எங்கே போகின்றது என்னும் கேள்வியை நூறு பக்கத்து அறிக்கையிலும் தெளிவாக இப்படம் எழுப்பியது. அதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1832 பெப்ரவரியில் டோமியேக்கு ஆறுமாதச் சிறையும் ஐந்நூறு பிராங்கு குற்றப்பணமும் விதிக்கப்பட்டன. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவர் சென்ற் பெலாஜி மறியற்சாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு.

குற்றப்பணங்கள் மேன்மேலும் குவிந்தமையால், அவற்றை இறுப்பதற்கென்றே பிலிப்போன் மாதச் சந்தா முறையொன்றை 1832 இல் ஏற்படுத்தினார். சந்தாதாரர்க்கு மாதந்தோறும் பெரிய கல்லச்சுப் படமொன்று கிடைக்கும். அதனால் வரும் பணம் தண்டத்துக்குச் செல்லும். இவ்வழியில் 1834 இல் வெளிவந்த இரண்டு படங்கள் நம் பொருளுக்கு மிக இன்றியமையாதவை.

முதலாவது, பத்திரிகைச் சுதந்திரத்தையே பொருளாகக் கொண்டது. அதன் நடுவே சட்டைக் கையை மடித்துவிட்டு, முட்டியை இறுக்கி, காலை அகல ஊன்றி நிற்பவன் ஓர் அச்சுத் தொழிலாளி. அவன் நிற்கும் நிலத்திலே பத்திரிகைச் சுதந்திரம் என்று பொறிக்கப்பட்டிருக்கின்றது. ஒருபுறம் முடியிழந்து வீழ்ந்து கிடப்பவர் பத்தாம் சார்ள். மறுபுறம் குடையுடன் நெருங்கி வருபவர் லூயி பிலிப். இதனைத் தொடாதீர் என்னும் எச்சரிக்கையே அப்படத்தின் தலைப்பு. சுதந்திரத்தைத் தீபமேந்திய தேவியாக வரைவது ஓவியர் பலரின் வழக்கம். டோமியே அவ்வாறு செய்யவில்லை. மைக்கறை படிந்த கைகளையுடைய உழைப்பாளி ஒருவனையே வரைந்தார். பேச்சுரிமை வானத்திலிருந்து இறங்கும் வரமன்று, எழுத்துக் கோப்பவனும் அச்சுப்பொறியை இழுப்பவனும் தினந்தோறும் காத்து நிற்கும் உடைமை என்பதே அதன் கருத்து.

இரண்டாவது படம் சிரிப்புக்கு இடந்தராதது. அவ்வாண்டு ஏப்ரில் மாதத்திலே பாரிஸில் கலகம் மூண்டது. திரான்ஸ்நொனான் வீதியிலுள்ள ஒரு வீட்டிலிருந்து வெடி தீர்ந்ததென்று கருதிய படைவீரர் அதனுள்ளே புகுந்து, அங்கே வாழ்ந்தோர் பன்னிருவரைக் கொன்றனர். டோமியே வரைந்தது அவ்வீட்டின் ஓர் அறையை. கலைந்த படுக்கையின் ஓரத்திலே இராவுடையுடன் ஒருவன் வீழ்ந்து கிடக்கின்றான். அவன் உடலின்கீழ் ஒரு குழந்தை. நிழலில் ஒரு பெண்ணுருவம், மறுபக்கத்தில் முதியவர் ஒருவரின் தலை, கவிழ்ந்த நாற்காலி. படைவீரர் எவரும் படத்தில் இல்லை. கொடுமையைக் கண்டிக்கும் சொல் ஒன்றேனும் இல்லை. வீதியின் பெயரும் திகதியுமே தலைப்பு. இது தன்மை நவிற்சி. மிகையும் இல்லை, குறையும் இல்லை. இத்தகைய வேளையிலே உவமையும் உருவகமும் வேண்டா, உள்ளதை உள்ளபடி காட்டுவதே பெரும் முறையீடு என்பதை இவ்விளைஞர் உணர்ந்திருந்தார். பொலிசார் கண்ட படிகளைக் கைப்பற்றினர்; கல்லையும் கைப்பற்றினர். இறந்தோர் பேசார். ஆதலின் அவர் பொருட்டுப் பேச ஒருவர்க்கு உரிமை இருத்தல் வேண்டும். பேச்சுரிமை கற்றோரின் வாதப்போருக்கு மாத்திரம் உரியதென்று எண்ணுவோர் இப்படத்தை ஒருமுறை பார்த்தல் நன்று.

கலகத்தின் தொடர்பாக நூற்றுக்கு மேற்பட்டோர்மீது பிரபுக்கள் சபையில் வழக்குத் தொடரப்பட்டது. 1835 மே 5 இல் விசாரணை தொடங்கிற்று. குற்றஞ்சாட்டப்பட்டோர் தாம் விரும்பிய வழக்குரைஞரை வைத்துக்கொள்ள விடப்படவில்லை. மே 14 ஆந் திகதிய ‘லா கரிக்காத்தூர்’ இதழிலே டோமியேயின் படம் வந்தது. நீதிபதி ஒருவர் இன்முகங் காட்டி, முன்புறமாகச் சாய்ந்து, குற்றஞ்சாட்டப்பட்டவனைப் பேசுமாறு அழைக்கின்றார். பேசும் முறை உம்முடையது, விளக்கிக் கூறும், உமக்குச் சுதந்திரம் உண்டு என்னும் கருத்தமைந்த வாசகம் கீழே காணப்படுகின்றது. ஆனால் அந்த மனிதனின் வாய் துணியால் இறுகக் கட்டப்பட்டிருக்கின்றது! அங்கியணிந்தோர் அவனைப் பிடித்து அமுக்குகின்றனர்.

நாம் தொடக்கத்திற் கூறிய வஞ்சப்புகழ்ச்சி இங்கே முழுவடிவம் பெறுகின்றது. வாசகத்தை மாத்திரம் படிப்போர்க்கு அது நாகரிகமான நீதிமன்றின் புகழாகும். படத்தை மாத்திரம் காண்போர்க்கு அது வெறும் வன்செயலாகும். இரண்டையும் ஒருங்கே நோக்கும்போதே, சாசனத்தின் ஏழாம் உறுப்புக்கும் நாட்டின் நடப்புக்கும் உள்ள தொலைவு புலனாகின்றது. பேசலாம் என்று சொல்வது வேறு, பேசவிடுவது வேறு. இவ்வுண்மையைச் சொல்லால் விளக்கப் பல வாக்கியங்கள் வேண்டும். சொல்லையும் கோட்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டு, ஒரு கணத்தில் உணர்த்தினார் டோமியே. பேச்சுரிமையை அவர் புகழவில்லை. அஃது இல்லாத இடம் எத்தகையது என்று காட்டினார். நீரின் அருமையை உணர்த்த வறண்ட கிணற்றைக் காட்டுவது போன்றது அது. இதுவே ஓவியத்தின் தனிவன்மை என்பது நம் துணிபு.

அரசாங்கமும் அவ்வன்மையை ஒப்புக்கொண்டது. தண்டனையின் வாயிலாக ஒப்புக்கொண்டது. 1835 யூலை 28 இல் அரசரைக் கொல்ல முயற்சி நடந்தது. அதனைக் காரணமாகக் கொண்டு செப்டெம்பர் மாதத்திலே புதிய சட்டங்கள் நிறைவேறின. எழுத்துக்கு முன்தணிக்கை விதிக்க அமைச்சர் துணியவில்லை, சித்திரத்துக்கு விதித்தனர். முன்னனுமதி பெறாத படம் எதுவும் வெளிவரலாகாது. சாசனம் காப்பது கருத்துக்களையே. சித்திரமோ கண்ணோடு பேசி மக்களைத் தூண்டுவதால் அது கருத்தன்று, செயல் என்பதே அவர் கூறிய நியாயம். சட்டம் வருமுன்னரே ஓகஸ்ட் மாதத்தில் ‘லா கரிக்காத்தூர்’ மூடப்பட்டது. டோமியே அரசியலைவிட்டு வழக்குரைஞர், வைத்தியர், வணிகர், குடித்தனக்காரர் ஆகியோரின் வாழ்க்கையை வரையலானார். 1848 ஆம் ஆண்டுப் புரட்சியால் தணிக்கை நீங்கிற்று. 1852 இல் மீண்டும் வந்தது. அது முற்றாக நீங்கியது 1881 ஆம் ஆண்டு யூலை 29 ஆந் திகதிய பத்திரிகைச் சட்டத்தினாலேயாம். ஏறத்தாழ நாலாயிரம் கல்லச்சுப் படங்களை வரைந்து, இறுதியிற் கண்ணொளி மங்கிய டோமியே அதைக் காணவில்லை. 1879 இலேயே மறைந்துவிட்டார்.

இவ்விடத்தில் ஓருண்மையை மறைத்தல் நேர்மையாகாது. வாய்கட்டுண்டவனை வரைந்த அதே கை, 1844 இல் எழுத்தாளரான பெண்களை எள்ளி நாற்பது படங்களை வரைந்தது. 1848 மார்ச்சில் எழெனி நிபோயே என்னும் அம்மையார் பெண்களின் குரல் என்னும் பொருள்படும் பெயரால் ஒரு நாளேடு தொடங்கினார்; அவ்வாண்டு யூலையிலே பெண்கள் அரசியற் கழகங்களிற் பங்குபற்றலாகாதென அரசினர் விதித்தனர். மறு ஆண்டிலே டோமியே அரசியல் பேசும் பெண்களை நகைத்தார். தன் வாய் கட்டப்பட்டபோது பொங்கியவர், பிறர் வாய் கட்டப்பட்டபோது சிரித்தார். சுதந்திரமாக வரைபவர் எல்லாம் நியாயமாக வரைவர் என்பதற்கு உறுதி இல்லை. அதனாற் சித்திரத்தைத் தடுத்தல் வேண்டுமோ? வேண்டா. நகைக்கப்பட்டவர்க்கும் மறுமொழி கூறும் உரிமையும் ஏடும் இருத்தல் வேண்டும் என்பதே சரியான மாற்று. ஒருவரின் உரிமைக்கு எல்லை, மற்றவரின் வாய்க்கட்டன்று, மற்றவரின் மறுமொழி.

தமிழர்க்கும் இவ்வரலாற்றோடு ஒரு தொடர்பு உண்டு. சென்னையில் 1906 இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழிலே சுப்பிரமணிய பாரதியார் அரசியற் கேலிச்சித்திரங்களை வெளியிட்டார். தமிழ் இதழ்களில் இத்துறைக்கு வழிகாட்டியது அதுவே. 1908 இல் அவ்விதழின் ஆசிரியராகப் பதிவுபெற்றிருந்தவர் சிறைப்பட, பாரதியார் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரிக்குச் சென்றார். இதழும் அங்கிருந்து வெளிவரலாயிற்று. 1881 ஆம் ஆண்டுச் சட்டம் பிரான்சின் குடியேற்ற நாடுகளுக்கும் ஏற்புடையதென அச்சட்டத்திலேயே கூறப்பட்டிருந்தது. டோமியே காணாமற்போன சட்டத்தின் நிழலிலே தமிழ்க் கேலிச்சித்திரம் சிலகாலம் ஒதுங்கி நின்றது எனலாம். பிரித்தானிய இந்தியாவினுள் இதழ் நுழைதல் தடுக்கப்பட, 1910 இல் அது நின்றது.

இவை முடிந்துபோன பழங்கதைகள் அல்ல. நமது நாட்டிலே பிரகீத் எக்னலிகொட என்னும் பத்திரிகையாளரும் கேலிச்சித்திரக்காரருமானவர் 2010 சனவரி 24 இற் காணாமற்போனார். பாரிஸ் நகரிலே 2015 சனவரி 7 இல் ஒரு கேலிச்சித்திர வார இதழின் அலுவலகத்திற் புகுந்த கொலைஞர் பன்னிருவரைச் சுட்டுக்கொன்றனர். வாய்க்கட்டு அரசின் கையில் மாத்திரம் இருப்பதன்று. சட்டத்தின் வடிவில் மாத்திரம் வருவதுமன்று.

நம் கல்லூரி மாணாக்கர் வாதமன்றத்திலே தலைவராக அமர்ந்து, எதிர்த்தரப்பினரை நோக்கி இனி நீர் பேசலாம் என்று அழைக்கும் நாள் வரும். பின்னர் ஆசிரியராகவும் அதிபராகவும் நீதிபதியாகவும் அமைச்சராகவும் அமர்ந்து அவ்வாறே அழைக்கும் நாளும் வரும். அப்பொழுது 1835 ஆம் ஆண்டு மே மாதத்துப் படத்தை ஒருகால் நினைவுகூர்க. நாம் கூறும் சொல் இனிதாயிருந்தால் மட்டும் போதாது. எதிரே நிற்பவரின் வாயை நிமிர்ந்து பார்த்தல் வேண்டும். அதிற் கட்டு உளதாயின், அதனை அவிழ்த்த பின்னரே பேசுமாறு அழைத்தல் வேண்டும்.